ஒரே கேலக்ஸி, மூன்று ரேடியோ தரவுத் தொகுப்புகள்: சேர்த்ததும் படம் ஏன் மோசமாகிறது?

கேள்வி இது: ஒரு கேலக்ஸியை வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கியின் பி, சி, டி அமைப்புகளில் பார்த்த மூன்று தரவுத் தொகுப்புகள் இருக்கின்றன. எல்லாமே 1.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம். பி, சி இரண்டும் புதியவை, டி மட்டும் பழைய காப்பகத் தரவு. தனித்தனியாகக் கேலிபரேட் செய்து (கருவிப் பிழைகளைத் திருத்தி), ரேடியோ தரவுக்கான காசா மென்பொருளில் கான்கேட் கட்டளை போட்டுச் சேர்த்துப் படமாக்கினால், சி தரவு மட்டும் தந்த படத்தைவிட இரைச்சல் கூடுகிறது. பேசாமல் மூன்றையும் தனித்தனியாகப் படமாக்கி, அந்தப் படங்களுக்குச் சராசரி எடுத்துவிடலாமா? சேர்த்து முடித்தபின் மூலக் கோப்புகளை அழிக்கலாமா?

படங்களைச் சராசரி எடுக்க வேண்டாம். ரேடியோ வரிசை, கேமரா மாதிரி படம் எடுப்பதில்லை. வி.எல்.ஏ-வில் 27 ஆண்டெனாக்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 351 ஜோடிகள். ஒரு ஜோடி ஒரு நொடியில் அளப்பது வானத்தின் படத்தை அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியே மாற்றத்தில் ஒரே ஒரு புள்ளியை. அந்த அளவைத்தான் விசிபிலிட்டி என்கிறோம். ஜோடிக்கு நடுவே தூரம் அதிகமானால் நுண்ணிய விவரம் கிடைக்கும், குறைந்தால் பரந்த ஒளி கிடைக்கும். ஆண்டெனாக்களைத் தண்டவாளத்தில் நகர்த்தித்தான் அமைப்பை மாற்றுகிறார்கள். அதிகபட்ச தூரம் பி-யில் 11.1 கி.மீ., சி-யில் 3.4 கி.மீ., டி-யில் 1.03 கி.மீ. உங்கள் அதிர்வெண்ணில் அது முறையே சுமார் 4.3, 14, 46 வில்நொடிப் பிரிதிறன். மறுபக்கம், பி-யில் எந்த ஜோடியும் 210 மீட்டருக்குள் நெருங்குவதில்லை. ஆகவே ஏறத்தாழ 2 வில்நிமிடத்துக்கு மேல் பரந்து கிடக்கும் ஒளி பி-க்குத் தெரியவே தெரியாது. மூன்று அமைப்புகளும் ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கத்தான் இருக்கின்றன. அந்த அடைப்பு ஃபூரியே தளத்தில் நடக்க வேண்டிய வேலை.

படமாக்கிய பிறகு சேர்ப்பதில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு. தரவின் ஓட்டைகளால் ஒளி மூலங்களைச் சுற்றித் தோன்றும் போலித் தடங்களை (சைடுலோப்) நீக்கும் கிளீன் என்பது நேர்கோட்டுக் கணக்கு இல்லை. தனிப்படத்தில் இரைச்சலுக்குள் புதைந்திருக்கும் மங்கலான மூலத்தைக் கிளீன் தொடவே தொடாது; அதன் சைடுலோப் அப்படியே படத்தில் தங்கிவிடும். மூன்று படங்களைக் கூட்டினால் மூலம் தலைகாட்டும், கூடவே கிளீன் ஆகாத மூன்று வகைச் சைடுலோப்களும் வரும். விசிபிலிட்டியாகவே சேர்த்தால் அந்த மூலம் கிளீன் நடக்கும்போதே தலைதூக்கும், பிடித்துவிடலாம்.

சரி, சேர்ப்பதற்குக் கான்கேட் கட்டாயமா என்றால், இல்லை. காசாவில் படமாக்கும் டிகிளீன் கட்டளைக்கே கோப்புப் பட்டியலைக் கொடுக்கலாம். டபிள்யூஎஸ்கிளீன் என்ற தனி மென்பொருளும் அப்படித்தான். காசாவுக்கு முந்தைய எய்ப்ஸ் மென்பொருள் காலத்தில் டிபிகான் கட்டளை போட்டு ஒரே கோப்பாக்கிய பழக்கத்தில் பலரும் இங்கேயும் முதல் வேலையாகக் கான்கேட் போடுகிறார்கள். எல்லாத் தொகுப்புகளுக்கும் ஒரே மாதிரி ஏதோ ஒரு செயலை ஓட்ட வேண்டும், அல்லது ஒருவருக்கு ஒரே கோப்பாக அனுப்ப வேண்டும் என்றால் கான்கேட் வசதி. மற்றபடி அது வட்டில் இன்னொரு பிரதியை உட்கார வைக்கிறது, அவ்வளவுதான்.

எந்த வழியில் போனாலும் முதலில் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் உங்கள் கேலக்ஸியை மட்டும், திருத்திய (கேலிபரேட் ஆன) நெடுவரிசையிலிருந்து, ஸ்ப்ளிட் செய்து தனிக் கோப்பாக்குங்கள். அப்படிச் செய்தால் புதுக் கோப்பில் திருத்திய தரவே அடிப்படைத் தரவு நெடுவரிசையில் வந்து உட்காரும். ஒரு தொகுப்பில் திருத்திய நெடுவரிசை இருக்கிறது, இன்னொன்றில் இல்லை என்கிற குழப்பம் அதோடு ஒழிந்தது. அப்புறம் மூன்றுக்கும், கோப்பின் சுருக்க விவரம் தரும் லிஸ்ட்ஆப்ஸ் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கான்கேட், இரண்டு புலங்களின் (தொலைநோக்கி குறிவைத்த வானப் பகுதிகளின்) திசை 1 மில்லி வில்நொடிக்குள் ஒத்துப்போனால்தான் அவற்றை ஒரே புலமாக எடுத்துக்கொள்ளும். நிறமாலைச் சாளரங்களுக்கு (அதிர்வெண் துண்டுகளுக்கு) இயல்பான சகிப்பு 1 ஹெர்ட்ஸ். பழைய தரவில் ஆயத்தொலைவு கடைசி இலக்கத்தில் வேறாக இருந்தாலே ஒரு கேலக்ஸி இரண்டு புலங்களாகிவிடும். திசைச் சகிப்பான டிர்டாலைக் கொஞ்சம் தளர்த்தினால் தீரும். ஆனால் பழைய தொகுப்பு பி1950 என்ற பழைய ஆயத்தொலைவு முறையில் இருக்கிறதா என்று பார்க்காமல் தளர்த்தாதீர்கள். இன்னொன்று: ஈஏ01 என்ற ஆண்டெனா பி-யில் ஒரு மேடையிலும் சி-யில் வேறு மேடையிலும் நின்றிருக்கும். சேர்த்த கோப்பில் அது இரண்டு ஆண்டெனாக்களாக வரும். பிழை இல்லை, அப்படித்தான் வர வேண்டும்.

இப்போது உங்கள் இரைச்சல். நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு என் முதல் சந்தேகம் எடைகள் (சேர்க்கும்போது ஒவ்வொரு விசிபிலிட்டிக்கும் தரும் முக்கியத்துவம்) மேல்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு தொகுப்பு தனியாகத் தரும் இரைச்சல் 10 மைக்ரோஜான்ஸ்கி, இன்னொன்று 30 என்று வையுங்கள். இரண்டுக்கும் சம எடை கொடுத்துச் சராசரி எடுத்தால் 15.8 வரும். நல்ல தொகுப்பு தனியாகத் தந்ததைவிட மோசம். ஒவ்வொன்றுக்கும் அதன் இரைச்சல் வர்க்கத்தின் தலைகீழை எடையாகக் கொடுத்தால் 9.5 வரும். தரவு அதுவேதான், மாறியது எடை மட்டும். ஆக, அதிகத் தரவு சேர்ந்ததால் படம் கெடவில்லை. மோசமான தரவுக்கு உரிமைக்கு மேல் குரல் கொடுத்ததால்தான் கெட்டிருக்கும்.

இதற்கு நேர் எதிரான விபத்து எனக்கு நடந்திருக்கிறது. வேறு மென்பொருள் வழியாகச் சுற்றி வந்த ஒரு பழைய டி தொகுப்பில் எல்லா எடையும் 1 என்றே இருந்தது. புதிய சி தொகுப்பில் காசா தானே போடும் ஆரம்ப எடை இருந்தது: சேனல் அகலத்தையும் பதிவு நேரத்தையும் பெருக்கி இரட்டிப்பாக்கியது. 1 மெகாஹெர்ட்ஸ் சேனல், 3 நொடிப் பதிவு என்றால் அது 60 லட்சம். சேர்த்தேன், படம் அழகாக வந்தது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. பரந்த ஒளி மட்டும் வரவில்லை. கேலக்ஸியில் இல்லை போலிருக்கிறது என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தலைப்புத் தகவலில், படத்தின் பிரிதிறனைச் சொல்லும் பீம் அளவைப் பார்த்தேன்: சி தரவு மட்டும் தந்த பீமும் சேர்த்த பீமும் இரண்டாம் தசமம் வரை ஒன்றே. 60 லட்சத்துக்கு எதிரில் 1 என்ன பேசும்? டி தொகுப்பு கோப்பில் இருந்தது, படத்தில் இல்லை. அன்றிலிருந்து சேர்த்த உடனே நான் பார்ப்பது பீம் அளவைத்தான், படத்தை அப்புறம்தான்.

தீர்வு, காசாவின் ஸ்டாட்வெயிட் கட்டளை. விசிபிலிட்டிகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைத் தரவிலிருந்தே அளந்து அதற்கேற்ப எடை போடும். கேலிபரேஷனும், குறுக்கீடுகளை ஃபிளாக் செய்து ஒதுக்குவதும் முடிந்தபின், மூன்று தொகுப்புகளுக்கும் ஒரே அமைவில் ஓட்டுங்கள். ஒன்றுக்கு ஓட்டி மற்றதை விட்டால் பழைய கதைதான். கண்ணை மூடிக்கொண்டும் ஓட்டக் கூடாது. ஹைட்ரஜன் கோடு மாதிரி நிறமாலைக் கோடு இருந்தால் அந்தச் சேனல்களை விலக்குங்கள், இல்லாவிட்டால் சமிக்ஞையையே இரைச்சல் என்று எண்ணி, கோடு வலுவாக இருக்கும் ஜோடிகளின் எடையைக் குறைத்துவிடும். புலத்தில் பிரகாசமான மூலம் மையத்தைவிட்டுத் தள்ளி இருந்தாலும் இதே தொல்லை. அப்போது மாடலைக் கழித்த மீதியில் சிதறலை அளக்கச் சொல்லும் வசதி ஸ்டாட்வெயிட்டிலேயே இருக்கிறது. கான்கேட்டிலும் தொகுப்புக்கு ஒரு பெருக்கெண் கொடுத்து எடையை ஏற்றி இறக்கலாம். ஆனால் எண்ணைக் கையால் ஊகித்துப் போடுவதைவிடத் தரவையே கேட்பது மேல் என்பது என் எண்ணம்.

எடை சரியானதும் அடுத்த கேள்வி, மூன்று தொகுப்புகளும் ஒரே வானத்தைத்தான் சொல்கின்றனவா என்பது. இதைச் சோதிக்க இயற்கையே ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறது. பி-யின் குறுகிய ஜோடிகளும் சி-யின் நீண்ட ஜோடிகளும் ஒரே தூரத்தில் வருகின்றன. 20 செ.மீ. அலைநீளத்தில் ஏறத்தாழ 1 முதல் 17 கிலோலாம்டா (ஆயிரம் அலைநீளம்) வரை இரண்டுமே அளக்கின்றன. வரைபடம் போடும் பிளாட்எம்எஸ்-இல் அந்த எல்லைக்குள் வீச்சை இரண்டு தொகுப்புக்கும் மேலே மேலே வரைந்து பாருங்கள். சி முழுக்க ஒரே விகிதத்தில் தூக்கியோ தாழ்ந்தோ தெரிந்தால் ஃபிளக்ஸ் (பிரகாச) அளவுகோல் ஒத்துப்போகவில்லை. பெரும்பாலும் காரணம் சாதாரணமானது: ஒரு நாள், பிரகாசத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் 3சி286 மூலத்தைப் பழைய மாடலோடு பயன்படுத்தியிருப்பீர்கள், இன்னொரு நாள் புதிய பெர்லி-பட்லர் 2017 அளவோடு. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள். கேலக்ஸி ஒரு பக்கமாக நீண்டிருந்தால் மட்டும், ஒரே தூரத்தில் வேறு திசையில் இருக்கும் ஜோடிகள் நியாயமாகவே வேறு வீச்சு காட்டும். அதைப் பிழை என்று எண்ணித் திருத்தப் போகாதீர்கள்.

இடம் ஒத்துப்போவதும் அதே அளவுக்கு முக்கியம். மூன்றையும் தனித்தனியாக அதனதன் மாடலில் செல்ஃப்-கேல் செய்திருந்தால் (எடுத்த படத்தையே மாடலாக வைத்துத் திருத்தியிருந்தால்), ஒவ்வொன்றும் தன் வானத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்க வாய்ப்புண்டு. பி-யின் பீம் 4.3 வில்நொடி, அதில் கால்வாசி நகர்ந்தாலே சேர்த்த படத்தில் புள்ளி மூலங்களுக்கு அருகே பாசிட்டிவும் நெகட்டிவும் ஜோடியாகத் தெரியும். நான் செய்வது, முதலில் சேர்த்து ஒரு படம், அதிலிருந்து ஒரே பொது மாடல், அந்த மாடலை வைத்து மூன்று தொகுப்புக்கும் கட்டத்தை (அலையின் ஃபேஸ்) மட்டும் திருத்துவது. பொது மாடல் மூன்றையும் ஒரே இடத்துக்கு இழுத்துவிடும். வீச்சைத் திருத்துவதைக் கடைசிக்கு ஒத்திப்போடுங்கள். பி மட்டும் தந்த மாடலில் பரந்த ஒளி இருக்காது. அதை வைத்து டி-யின் வீச்சைத் திருத்தப் போனால், டி உண்மையாக அளந்த ஒளியையே பிழை என்று அழுத்திவிடும்.

அதிர்வெண் விஷயம் நீங்கள் எடுப்பது தொடர் ஒளியா (எல்லா அதிர்வெண்ணிலும் பரவியது), ஹைட்ரஜன் கோடா (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வருவது) என்பதைப் பொறுத்தது. கோடு என்றால், பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு சுமார் 30 கி.மீ. என்பதை மறக்கக் கூடாது. 1420.4 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 1 கி.மீ. என்பது 4.74 கிலோஹெர்ட்ஸ். கிரகணப் பாதையை ஒட்டிய மூலத்தை ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால் வித்தியாசம் நொடிக்கு 60 கி.மீ. வரை, அதாவது 280 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகும். நொடிக்கு 5 கி.மீ. அகலச் சேனல் என்றால் 12 சேனல் தள்ளிப்போய் நிற்கும். சேனல் எண்ணுக்குச் சேனல் எண் என்று நேராக வைத்தால் கோடு இரண்டாகத் தெரியும், யாராவது அதை இரட்டை மேகம் என்று கண்டுபிடிப்பார்கள்! டிகிளீனைக் கனசதுர முறையில் ஓட்டி, வெளிச்சட்டகத்தை, பூமியின் இயக்கத்தைக் கழித்த எல்.எஸ்.ஆர்.கே. அல்லது பேரிசென்டர் என்று கொடுத்து, தொடக்கத்தையும் அகலத்தையும் வேகத்தில் சொல்லிவிட்டால் ஒவ்வொரு தொகுப்பையும் அதன் தேதிக்கேற்ப அதுவே மாற்றிக்கொள்ளும். முன்கூட்டி நீங்கள் இடைக்கணிப்பு செய்ய வேண்டாம். தொடர் ஒளியைக் கழிப்பதை மட்டும் ஒவ்வொரு தொகுப்பிலும் தனியாகச் செய்துவிடுங்கள்.

தொடர் ஒளி என்றால் டாப்ளர் கவலை இல்லை. நிறமாலைச் சாய்வுதான் கவலை. சின்க்ரோட்ரான் ஒளி அதிர்வெண் கூடக் கூட மங்கும். அடுக்கு -0.7 என்று வைத்தால், 1.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பதைவிட 1.8-இல் 16 சதவீதம் குறைவு. பழைய தரவு குறுகிய பட்டை, புதியது 1 கிகாஹெர்ட்ஸ் அகலம். ஆகவே, நிறமாலைச் சாய்வையும் சேர்த்துப் பொருத்தும் எம்டிஎம்எஃப்எஸ் முறையில் இரண்டு உறுப்புகளோடு படமாக்குங்கள்.

உங்கள் கேலக்ஸியின் மையத்தில் கருந்துளை சுறுசுறுப்பாக இருந்தால் இன்னொரு சிக்கல்: மையம் ஆண்டுக்காண்டு மாறும், சுற்றியுள்ள ஒளி மாறாது. சேர்த்த தரவில் மையத்துக்கு ஒரே ஒரு பிரகாசம் பொருந்தாது; அதைச் சுற்றி எவ்வளவு கிளீன் செய்தாலும் போகாத வளையங்கள் வரும். எம்87 கேலக்ஸியின் கருந்துளையை 2017 ஏப்ரலில் நிகழ்வு எல்லைத் தொலைநோக்கி நான்கு நாட்கள் பார்த்தபோது, ஒவ்வொரு நாளுக்கும் தனிப்படம் எடுத்தார்கள். நாளுக்கு நாள் மூலமே மாறலாம் என்பதால். உங்களுக்கு வழி கொஞ்சம் எளிது. ஒவ்வொரு தொகுப்பிலும் நீண்ட ஜோடிகளை வைத்து மையப் புள்ளியின் ஃபிளக்ஸை அளந்து, அந்த அளவை அந்தத் தொகுப்பிலிருந்தே கழித்துவிட்டுச் சேர்க்கலாம். டி தொகுப்பில் 46 வில்நொடிப் பிரிதிறனில் மையத்தைப் பிரித்தெடுப்பது கஷ்டம். அங்கே பி-யும் சி-யும் தந்த படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிப் படமாக்குவது. கிளீனே செய்யாமல் ஒரு முறை ஓட்டி, டர்ட்டி பீமை (ஒரு புள்ளி மூலம் கிளீன் ஆகாமல் தெரியும் வடிவம்) மட்டும் திறந்து பாருங்கள். பி, சி, டி மூன்றும் சேர்ந்தால் அது அழகான மணி வடிவில் இருக்காது. நடுவில் ஊசி மாதிரி ஒரு உச்சி, அதன் அடியில் பாவாடை மாதிரி விரிந்த ஒரு தளம். மென்பொருள் காஸியன் என்ற மணி வடிவத்தைப் பொருத்துவது உச்சிக்கு மட்டும். இங்கேதான் ஃபிளக்ஸ் கணக்கு சத்தமில்லாமல் தப்பாகிறது. கிளீன் கண்டுபிடித்த பகுதி கிளீன் பீமின் (அந்தக் காஸியனின்) அலகில் படத்துக்குத் திரும்புகிறது. கண்டுபிடிக்காமல் விட்ட மீதி, டர்ட்டி பீமின் அலகிலேயே கிடக்கிறது. டர்ட்டி பீமின் பரப்பு பெரிது, நாம் வகுப்பதோ சின்னக் கிளீன் பீமின் பரப்பால். ஆக, மீதியில் விட்டுவைத்த மங்கலான பரந்த ஒளி உண்மையைவிட அதிகமாகக் கணக்காகும். யோர்சேட்டரும் வான் மூர்செலும் 1995-இல் சுட்டிக்காட்டிய விளைவு இது. கேலக்ஸியின் வெளிவட்டத்தில் எதிர்பாராத அளவு ஹைட்ரஜன் கிடைத்துவிட்டது என்று மகிழும் முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது. படமாக்கும்போது எடையிடும் விதத்தை மாற்றும் ரோபஸ்ட் எண்ணை 0 முதல் 0.5-க்குள் வைத்தால் பாவாடை கொஞ்சம் சுருங்கும். பல அளவுக் கிளீனை, ஒளி இருக்கும் பகுதிக்கு முகமூடி போட்டு, இரைச்சலின் ஒன்றிரண்டு மடங்கு வரை ஆழமாக இறக்குங்கள். மீதியில் ஒளியே இல்லையென்றால் அலகுச் சண்டையும் இல்லை.

எல்லாம் செய்தும் கேலக்ஸியைச் சுற்றி ஒரு நெகட்டிவ் பள்ளம் தெரிந்தால் அது உங்கள் தவறில்லை. டி-யிலும் 35 மீட்டருக்குள் ஜோடி கிடையாது, அதற்குள் இருக்கும் தகவலை எந்த அமைப்பும் தராது. ஒற்றைத் தட்டுத் தொலைநோக்கியின் படம் கிடைத்தால் காசாவின் ஃபெதர் கட்டளை அதை ஃபூரியே தளத்தில் ஒட்டித்தரும். வேறு வரிசையின் தரவைச் சேர்க்கும் ஆசை வந்தால் ஆண்டெனாவின் விட்டத்தைப் பாருங்கள். வி.எல்.ஏ. 25 மீட்டர், இந்தியாவின் ஜி.எம்.ஆர்.டி. 45 மீட்டர். பார்வைப் பரப்பு வேறு, மையத்தைவிட்டு நகர நகர ஒரே மூலம் இரண்டிலும் வேறு பிரகாசத்தில் தெரியும். ஒரு கான்கேட்டில் தீரும் விஷயம் இல்லை அது.

அழிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இடம் வேண்டுமென்றால் சேர்த்த பெரிய கோப்பை அழியுங்கள், மறுபடி உருவாக்க ஒரே ஒரு கட்டளை போதும். ஸ்ப்ளிட் செய்த மூன்று கோப்புகளைத் தொடாதீர்கள். ஸ்டாட்வெயிட் எடையை அதே கோப்பில் மேலெழுதிவிடும், பழைய எடை திரும்பக் கிடைக்காது. ஆகவே அதை ஓட்டும் முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இப்போதைக்குச் சேர்த்த படத்தின் பீம் அளவையும், சி தனியாகத் தந்த பீமையும், மூன்று தொகுப்புகளிலும் எடை நெடுவரிசையின் இடைநிலை மதிப்பையும் எழுதிப் போடுங்கள். உங்கள் டி தொகுப்பு அளவுக்கு மேல் கத்துகிறதா என்பது அந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.